சோப்பின் இரண்டு கைகள்

குடுவைத் தண்ணீரில் இரும்பு உப்பு கரைந்து காத்திருந்தது. மேலே மிதந்த நிலக்கரித் தூளில் அது ஒட்டிக்கொண்டு உலைக்குப் போனால்தான் கரி எண்ணெயாக மாறும். ஆனால் கரிக்குத் தண்ணீரே பிடிக்காது. உப்பு நெருங்கும்போதெல்லாம் கரி விலகிப் போனது.

அன்று ஒரு சொட்டு சோப்பு வந்தது. ஒரு கையால் கரியைப் பிடித்தது. மறு கையால் உப்பைப் பிடித்து, கரியின் மேல் உட்கார வைத்தது.

உப்பு தனக்குக் கிடைத்த இடத்தைப் பார்க்கவில்லை. கரியின் தோளில் இருந்த கையையே பார்த்தது.

"மூணு நாளா கெஞ்சுறேன், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. இப்ப வந்தவ நீ, தோள்ல கை போட்டிருக்கே!"

"உங்களுக்காகத்தான் அக்கா பிடிச்சிருக்கேன்."

"உன் தயவு ஒண்ணும் வேண்டாம். கையை எடுடி!"

சோப்பு கரியின் தோளிலிருந்து கையை எடுத்தது. உப்பு கரியிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் விழுந்தது.

கரி, கரியாகவே உலைக்குப் போனது. குடுவையின் அடியில், உப்பின் கையைச் சோப்பு இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது.