மனசுல எட்டு

"இது எனக்கு வரலை. சொல்லித் தர்றீங்களா?"

கணக்கைவிட அந்தத் 'தர்றீங்களா'தான் அவளுக்கு முதலில் காதில் விழுந்தது. பெற்ற தாயிடமே, பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் கேட்கிற மாதிரி மரியாதையாக.

போகட்டும். கேட்டாளே, அதுவே பெரிசு.

குடும்ப நீதிமன்றத்தில், பிரிந்து வாழும் பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்க ஒதுக்கிய அறை. சுவரில் முயல், யானை. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு குட்டை மேசை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரை பிரகல்யா அவளுடைய மகள். மற்ற நாளெல்லாம் அப்பா வீட்டில்.

போன மாதம் பேச்சு அரை மணியிலேயே தீர்ந்துவிட்டது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன். படிக்கிறியா, படிக்கிறேன். அப்புறம் இரண்டு பேரும் சுவரில் இருந்த யானையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பதினொன்றரைக்கெல்லாம் பிள்ளை, "சித்தப்பா எப்ப வருவாங்க?" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் அழுத அழுகையில் கண்டக்டர் டிக்கெட் கேட்கவே தயங்கினார்.

இந்த மாதமும் அப்படி ஆகிவிட்டால்? முப்பது நாளும் அதே பயம்தான். என்னென்ன பேசுவது என்று பட்டியலே போட்டு வைத்திருந்தாள். பிள்ளை முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது.

ஏதோ சாமி புண்ணியம், கணக்கு வந்தது.

பத்து கூட்டல். ஒவ்வொன்றிலும் இரண்டு கட்டம் காலி. விட்டுப்போன எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும்.

3□ + □8 = 95

"ஒண்ணுகூடவா வரலை?"

"ஒண்ணுகூட வரலை."

சுருக்கென்றது. அத்தனை பேர் இருக்கிற வீடு. பிள்ளையோடு பத்து நிமிடம் உட்கார ஒருத்தருக்காவது ஒழியவில்லையா? வாய்வரை வந்ததை அப்படியே விழுங்கினாள். இங்கே ஒரு வார்த்தை விட்டால் அதுவும் கேஸ் கட்டில் ஏறும்.

நாற்காலியை இழுத்துப்போட்டு ஒட்டி உட்கார்ந்தாள்.

"எட்டோட எதையோ கூட்டினா அஞ்சுல முடியணும். அப்போ அது பதினஞ்சு. மனசுல எட்டு வச்சுக்கோ. பதினஞ்சு வரைக்கும் விரல் விடு."

பிள்ளை விரல் விடவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

அவள் ஒவ்வொரு விரலாகப் பிடித்து நிமிர்த்தினாள். ஒன்பது. பத்து. பதினொன்று.

நகங்களில் மருதாணி பாதி வளர்ந்து போயிருந்தது. யாரடி வைத்துவிட்டது என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

பன்னிரண்டு. பதின்மூன்று.

"இந்தக் கையையும் குடு."

பதினான்கு. பதினைந்து.

"ஏழு," என்றாள் பிரகல்யா.

"என் தங்கமே! இப்போ அந்த ஒண்ணு அடுத்த வரிசைக்குப் போவும். மூணும் ஒண்ணும் நாலு. ஒன்பதுக்கு இன்னும் எத்தனை வேணும்?"

மறுபடியும் கை நீண்டது.

இந்த விரல்களை இப்படிப் பிடித்து ஏழு மாதம் ஆகிறது. எதற்கு அவசரம்? மூன்றாவது கணக்கில் வேண்டுமென்றே எண்ணிக்கையைத் தவறவிட்டாள்.

"அடடா, விட்டுட்டேன் பாரு. முதல்லேருந்து எண்ணுவோம்."

பிள்ளை சிணுங்கவில்லை. விரல்களை மடக்கிக்கொண்டு தயாராக இருந்தாள்.

ஐந்தாவதில் தோளில் சாய்ந்தாள். தலையில் ஏதோ புது ஷாம்பு வாசனை. ஏழாவதில், கேட்காமலேயே, பல் விழுந்த கதையைச் சொன்னாள். எட்டாவதில், வகுப்பில் பக்கத்தில் உட்காரும் நப்பின்னையோடு சண்டை, இனிமேல் அவளோடு டூ என்றாள்.

"ஐயையோ! எதுக்குடி?"

சொல்ல ஆரம்பித்தவள் நிறுத்தவேயில்லை.

"டைம் ஆச்சும்மா."

அறையைப் பார்த்துக்கொள்ளும் செங்கமலம் வாசலில் நின்றார். "பாப்பாவோட சித்தப்பா வந்துட்டாரு."

"இன்னும் ரெண்டே ரெண்டு கணக்குக்கா."

"நான் என்னம்மா பண்றது? வந்து கையெழுத்துப் போடு."

பிரகல்யா மூட்டை கட்ட ஆரம்பித்தாள். நோட்டுப் பக்கத்தின் கீழ்க்கோடியில் வைத்திருந்த பென்சில் டப்பாவை எடுத்தாள்.

டப்பா இருந்த இடத்தில் சிவப்பு மை.

10/10. வெரி குட். மிஸ்ஸின் கையெழுத்து. புதன்கிழமைத் தேதி.

அவள் குனிந்து பார்த்தாள். இன்னும் போடாத அந்த இரண்டு கணக்கிலும் கட்டங்களுக்குள் தாள் லேசாகப் பிசிறியிருந்தது. அழித்த பென்சிலின் தடம் தெரிந்தது. விடை சரிதான். எல்லாமே சரிதான்.

வரலை என்றாளே!

அப்படியே வாரி அணைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று காட்டிக்கொண்டால் பிள்ளை வெட்கப்படும். அடுத்த மாதம் நோட்டையே கொண்டுவராது.

போய்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள்.

திரும்பி வந்தபோது பிரகல்யா புத்தகப்பையை முதுகில் மாட்டியிருந்தாள். ஆனால் கிளம்பவில்லை. நின்றவாக்கில் மேசைமேல் குனிந்து, ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தாள். முதல் கணக்கு. இரண்டாவது. மூன்றாவது.

"ஏன் பாப்பா அழிக்கிற?" என்றார் செங்கமலம். "அம்மாவும் நீயும் அவ்ளோ நேரம் உக்காந்து போட்டீங்களே!"

பிரகல்யா நிமிரவில்லை. வெளியே சித்தப்பா பைக் ஹாரனை அடித்தார். ரப்பர் இன்னும் வேகமாக ஓடியது. நோட்டு மேசையில் நழுவி நழுவிப் போனது.

அவள் மகளின் பக்கத்தில் மண்டியிட்டு, நோட்டு நகராமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.