நாங்க

அண்ணன் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றான்.

அவள் தலையாட்டினாள்.

கணவன் இறந்து ஐந்து மாதம். அன்றிலிருந்து எல்லாமே மரத்துப் போயிருந்தது. கையில் சுடுநீர் பட்டால்கூட, ஓ, சுடுகிறது என்று ஒரு கணம் யோசித்த பிறகுதான் கையை எடுத்தாள்.

யார் எது சொன்னாலும் சரி என்றாள். இருபத்தேழு வயசுதானே, பிறந்த வீட்டுக்கே வந்துவிடு என்றார்கள். சரி. ஞாயிற்றுக்கிழமை கார் வரும் என்றார்கள். அதற்கும் சரி.

இங்கேயே இரு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய மாமியார் வாயே திறக்கவில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எங்கும் போயிருக்க மாட்டாள். அவன் இருந்த வீடு இது ஒன்றுதான்.

மாமியார் சொல்ல மாட்டார். கல்யாணமாகி வந்த மறுநாளே, கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தவளிடம், "நாங்க சட்டையை உள்பக்கம் திருப்பித்தான் காயப்போடுவோம்" என்றவர் அவர். நாங்க கதவைச் சத்தமில்லாமல் சாத்துவோம். நாங்க தலையணையை வாரம் ஒருமுறை வெயிலில் போடுவோம். மூன்று வருஷமாக நாங்க, நாங்க. அந்த 'நாங்க'வில் கேட்பவளுக்கு இடமில்லை. ஒரு தடவை 'நாம' என்று சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளுமோ என்னவோ.

அதில் இடம் வேண்டுமென்றால் வரிசையில் நிற்கவேண்டும் என்று கணவன் கேலி செய்வான். அவளை வரிசையில் நிற்க வைத்துவிட்டு அவன் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான்.

மாமனார் முன்பே போனவர். இப்போது வீட்டில் அவளும் மாமியாரும்தான்.

மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"கெளம்பறோம் அத்தை" என்றான் அண்ணன். "இனிமே தங்கச்சியை நான் பாத்துக்கறேன்."

மாமியார் தலையணை உறையை இரண்டாக மடித்தார். நான்காக மடித்தார். பிறகு மறுபடி பிரித்தார்.

அவளைப் பார்க்கவே இல்லை. அண்ணனைத்தான் பார்த்தார்.

"என்ன அவசரம் தம்பி? நாங்க இன்னும் சாப்பிடல."

அதே சொல். அதே விறைப்பு. ஆனால் இன்று அதைக் கேட்டவன் அண்ணன்.

அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சாப்பாடுதானே, வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, பெட்டியோடு வாசல்வரை போய்விட்டான்.

அவளுக்குப் பசித்தது. ஐந்து மாதத்தில் முதல்முறையாக, வயிறு வலிக்கும் அளவுக்குப் பசித்தது.

"பெட்டியை அங்கயே வைண்ணா" என்றாள். "நாங்க சாப்பிட நேரமாகும். நீ கெளம்பு."