தங்கூசி கட்டிய கிற்றார்

பின்னேர வெயில் சன்னலால் விழுந்து சிவப்பு மின்கிற்றாரின் மேல் மினுங்குகிறது. ஷெல்டன் அவுஸ்திரேலியாவுக்குப் படகேறி எட்டு மாதம். ஒரு சேதியும் இல்லை. அவன் விட்டுப்போன கிற்றாரின் கம்பிகளைக் கடற்காற்றுத் தின்றுவிட்டது. அப்பா எவரிஸ்து இரண்டு நாளாகக் குந்தியிருந்து, தூண்டிலுக்குப் போடும் நைலோன் நரம்பான தங்கூசியை ஆறு தடிப்பில் தேடியெடுத்து, இழுத்து முடிச்சுப் போட்டிருக்கிறார். கடலில் அவர் போட்ட முடிச்சு ஒன்றும் அவிழ்ந்ததில்லை. மகனின் கூட்டாளி றொபி வயரை ஸ்பீக்கர் பெட்டியில் செருகி விரலை ஓட்டுகிறான். பெட்டி வெறுமனே இரைகிறது. பூசைக்கு ஒன்று, பைலா ஆட்டப் பாட்டுக்கு ஒன்று என்று ஷெல்டன் ஐந்து குரல் எடுத்த சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்க்கிறான். ஐந்திலும் அதே இரைச்சல். "மாமா, இதுக்குள்ள இருக்கிறது காந்தம். இரும்புக் கம்பி அதிர்ந்தாத்தான் அதுக்குக் கேக்கும். தங்கூசி கேக்காது." "இறுக்கித்தானே கட்டினன்," என்கிறார் எவரிஸ்து. "ஓம் மாமா. நாளைக்குச் சிலாபத்தில கம்பி வாங்கிட்டு வாறன்." அவர் கிற்றாரை மடியில் வாங்கி, தாடையை அதன் பலகையில் அழுத்தி, தடித்த தங்கூசியை ஒருக்கா சுண்டுகிறார். மெல்லிய அதிர்வொன்று பல்லுக்குள் ஏறுகிறது. கண்ணை மூடிக்கொள்கிறார். "பெட்டிய நிப்பாட்டு மகன்," என்கிறார். "கேக்குது."