பிடுங்கிய வயர்

“வயரைப் பிடுங்கிட்டேன் தம்பி. இனிமே திருடன் உள்ள வர முடியாதுல்ல?”

கம்ப்யூட்டர் பிரிவின் வாசலில் ஸ்டோர்ஸ் அக்கா நின்றாள். கையில் நீல நிற நெட்வொர்க் வயர், அடித்துக் கொண்டுவந்த பாம்பைப் போலத் தொங்கியது.

பிரிவின் பொறுப்பாளன் நாற்காலியை விட்டு எழவில்லை. “உட்காருங்கக்கா. என்ன ஆச்சு?”

“உங்க பேர்ல ஒரு மெயில். பாஸ்வேர்டைச் சரிபார்க்கணும், இங்க எழுதுங்கன்னு இருந்துச்சு. எழுதிட்டேன். அப்புறம்தான் உறைச்சுது, நீங்க கேக்கவே மாட்டீங்களேன்னு. சந்தேகம்னா முதல்ல வயரைப் பிடுங்குங்க, அப்புறம் என்கிட்ட வாங்கன்னு சொல்லியிருக்கீங்கல்ல?”

சொன்னது அவன்தான்.

அவன் வேலைக்குச் சேர்ந்தபோது இந்த அறைக்குக் ‘கிணறு’ என்று பெயர். புகாரைப் போட்டால் விழுந்த சத்தம்கூடக் கேட்காது. முன்பிருந்தவர்கள் அக்காவின் சரக்கு விவரம் முழுவதையும் அழித்துவிட்டு, பழியையும் அவள் தலையிலேயே கட்டியிருந்தார்கள்.

“உங்க சங்காத்தமே வேண்டாம்” என்று முதல் நாளே கையெடுத்துக் கும்பிட்டவள் அவள். அவன் விடவில்லை. அவள் மேஜைக்கடியில் படுத்துத் தூசி தின்றான். ஆபீசிலேயே கடைசியாக மனம் இறங்கியது அவள்தான். இறங்கிய பிறகு அவனுக்காக வாதாட அவளை மிஞ்சிய வக்கீல் இல்லை.

“பாஸ்வேர்டை இப்பவே மாத்திடவா தம்பி?”

“அவசரமில்லக்கா.”

“என்ன இப்படிச் சொல்றீங்க? மௌஸ் நின்னாலே ஓடி வர்ற ஆளாச்சே!”

மேஜைமேல் போன் அடித்தது. எடுத்துக் கேட்டான். “சார், இதை நீங்க முன்னாடி சொல்லவே இல்லியே...” என்று ஆரம்பித்தான். எதிர்முனை முடிக்க விடவில்லை.

“யாரு தம்பி? முகமே செத்துப்போச்சு.”

“மேனேஜர். அந்த மெயில்ல பாஸ்வேர்டு கொடுத்தவங்க யாரும் நாளையிலேருந்து வேலைக்கு வர வேண்டாமாம்.”

அப்போதுதான் அக்கா உட்கார்ந்தாள். வயர் மடியில் கிடந்தது.

“என் ஒருத்தி சம்பளத்துலதான் தம்பி வீட்டுல அடுப்பு எரியுது.”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“என்னை விடுங்க. நாயா உழைச்சு வாங்கின பேரு உங்களுது. இப்ப எல்லாரும் உங்களைத்தானே திட்டுவாங்க? வேற யாரு பேர்ல வந்திருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன். உங்க பேரைப் பார்த்துத்தான் எழுதினேன். எந்தப் படுபாவி அனுப்பினான்னு கண்டுபிடிங்க தம்பி. உங்களால முடியும்.”

அவன் அவள் மடியிலிருந்து வயரை எடுத்தான். சுருட்டினான். சுருட்டியதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான்.

“யாரு ஏமாறுறாங்கன்னு சோதிச்சுப் பார்க்கச் சொன்னாங்க. நான்தான்க்கா அனுப்பினேன்.”