ஷுக்ரி சித்தப்பாவின் தழும்பு

"இன்ஜினியரம்மா, சுவத்துல இருக்கிற என் படத்தை எடுத்துடும்மா" என்றார் நர்சரி வேன் ஓட்டும் ஷுக்ரி சித்தப்பா.

நான் படிப்பது டிசைன். ஆனால் எங்கள் கெய்ரோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் இன்ஜினியர்தான்.

"எதுக்கு எடுக்கணும்? என்னோட கடைசி வருஷ வேலையே அதுதான் சித்தப்பா."

தெரு முழுக்க அவர் முகம். நெற்றியிலிருந்து கன்னம் வரை தழும்பு. கறுப்பு வெள்ளையில் அது இன்னும் ஆழமாகத் தெரியும்படி மெனக்கெட்டிருந்தேன். கீழே கொட்டை எழுத்தில், 'இந்த முகத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.'

ஆளின் தோற்றத்தைப் பார்த்து எடைபோடும் சமூகத்துக்கு நான் கொடுத்த அறை அது. கொடுத்த கையை நானே பாராட்டிக்கொண்டிருந்தேன்.

"வேன்ல பாதி சீட் காலிம்மா. பிள்ளைங்களை அனுப்ப மாட்டேங்கறாங்க. வேற டிரைவரைப் பார்க்கப்போறேன்னு நர்சரி மேடம் சொல்லிட்டாங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. நேராகப் போய் இனாஸ் வீட்டுக் கதவைத் தட்டினேன். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவள். மகளை வேனில் அனுப்புவதை முதலில் நிறுத்தியது அவள்தான்.

"ஒரு தழும்புக்காக ஒரு மனுஷனை ஒதுக்கறீங்களே, இது நியாயமா?"

"தழும்பையா? அதை வந்த அன்னைக்கே பார்த்தேனே. பக்ரீத் பெருநாள் கிடா முட்டினதாம். அந்தக் கதையைக் கேக்கணும்னே என் பொண்ணு முன்சீட்டுக்குச் சண்டை போடுவா."

"அப்புறம் என்ன?"

"பயப்படாதீங்கன்னு யாராவது சும்மா போஸ்டர் ஒட்டுவாங்களா? என்னமோ நடந்திருக்கு, மூடி மறைக்கறாங்கன்னு நாங்க எல்லாரும் பேசிக்கிட்டோம்."

"தழும்பைப் பார்த்து யாரும் பயப்படக் கூடாதுன்னுதான் ஒட்டினேன்."

இனாஸ் விடவில்லை. "சரி, இந்தத் தெருவுல அவரைப் பார்த்துப் பயந்தது யாரு? ஒரே ஒரு பேர் சொல்லுங்க."

யோசித்தேன். யாரும் அகப்படவில்லை.

போஸ்டருக்குப் படம் எடுத்தபோது கிடா முட்டிய கதையை அவர் என்னிடமும் சொல்லியிருந்தார். "அதைப் போட்டா சிரிப்பாயிடும் சித்தப்பா. நீங்க கொஞ்சம் முறைங்க" என்றேன். பாவம், முறைக்க வராமல் ரொம்பக் கஷ்டப்பட்டார்.

சாயங்காலமே எல்லாப் போஸ்டரையும் கிழித்தேன். மறுநாள் காலையில் அதே சுவர்களில் புதுப் போஸ்டர். இந்த முறை என் படம். கண்ணாடி, கையில் தடிப் புத்தகம், தூரத்தை நோக்கிய பார்வை.

'கண்ணாடி போட்டிருக்கிறாள் என்பதற்காக இவளை அறிவாளி என்று நம்பிவிடாதீர்கள். ஷுக்ரியின் தழும்பு கிடா முட்டியதால் வந்தது. இந்தத் தெருவில் அவர் முகத்தைப் பார்த்துப் பயந்தவள் இவள் ஒருத்திதான்.'

இனாஸ் படித்தாள். சத்தமாகச் சிரித்தாள். மகளைத் தூக்கி வேனின் முன்சீட்டில் உட்காரவைத்தாள்.

ஷுக்ரி சித்தப்பா இறங்கி வந்து முதல் வரியை நிதானமாகப் படித்தார். பிறகு என் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் இத்தனை நாளா நம்பிட்டேனே, இன்ஜினியரம்மா."