நாலாவது பக்கம்

தேசியக் கொடிக்குக் குஞ்சம் தைத்துக்கொண்டிருந்தேன். தங்க நிறக் குஞ்சம். துறைமுகத்துப் பெரியவர்கள் வரும் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவுக்கு, மேடையில் நிற்கிற கொடி.

"குஞ்சம் வைச்ச கொடி மண்டபத்துக்கு மட்டும்தான். வெயில் மழையில பறக்க விடுறதில்லை. நிலத்தில படக்கூடாது. விளங்குதோ?" கொடித் துணியைத் தந்த அன்றே பள்ளிக்கூடத்து வாத்தியார் ஆனந்தராசா சேர் எனக்கும் வகுப்பு எடுத்தவர்.

அதோடு போயிருக்கலாம். கதிரையில் கிடந்த என் மகள் கஜந்தி அதே விழாவில் ஆடப்போகிற நடனப் பாவாடையைத் தூக்கினார். அளவுநாடாவை விளிம்பில் சுற்றிப் பிடித்தார்.

"இவ்வளவு சுத்துக்கும் ஒரு தங்கக் கரை இல்லையோ? அப்ப பிள்ளை கடைசி வரிசைதான்!"

அன்று கஜந்தி சாப்பிடவில்லை. அடுத்த நாள்தான் சேர் கடையில் குஞ்சம் வாங்கி வந்து தந்தார்.

"அளந்து காட்டிக் குத்துறாரே, மனிசனா அவர்?" என்றா பக்கத்து வீட்டு நப்லா அக்கா, இறால் உரித்துக்கொண்டே. "மிஞ்சுற குஞ்சத்தைக் கேளன் புள்ள."

"நாலு பக்கமும் வைச்சா மிஞ்சுறது ஒரு சாண் அக்கா. அது என்னத்துக்குக் காணும்?"

மூன்று பக்கம் முடிந்தது. நாலாவதில் ஊசியை இறக்கப்போன நேரம், வாசலில் சேர்.

"நிப்பாட்டுங்கோ! கம்பு போற பக்கத்துக்கு ஆரும் குஞ்சம் வைக்கிறதோ? மூண்டு பக்கம்தான் பிள்ளை!"

பயத்தில் எழும்பிவிட்டேன். "நாலு பக்கத்துக்குக் காணத் தந்தீங்கள் சேர்..."

"அதுவோ... கடையில மறந்துபோய்க் கூட வாங்கிட்டன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மிச்சத்தைக் கொண்டுபோங்கோ சேர்."

"எனக்கு என்னத்துக்கு? எதிலயாவது தையுங்கோ. நிலத்தில மட்டும் படக்கூடாது!"

கொடியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய்விட்டார்.

வேலியோரம் நின்று கேட்ட நப்லா அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மறந்தவராம்! என்ட மகன் நித்திரையிலயும் 'மூண்டு பக்கம், கம்புப் பக்கம் இல்லை' எண்டு கத்துறான். எல்லாம் இவர் படிப்பிச்சதுதான்!"

மிச்சக் குஞ்சத்தைக் கஜந்தியின் பாவாடை விளிம்பில் சுற்றி வைத்துப் பார்த்தேன். ஒரு விரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அப்படியென்றால் அன்றைக்கு அவர் நாடாவைச் சுற்றிப் பிடித்தது குத்திக்காட்ட இல்லை, அது அளவெடுக்க—

"அம்மா! இஞ்ச ஒருக்கா ஓடி வாங்கோ, என்ட பாவாடையைக் காணேல்லை!"