ஒத்திகையில் இல்லாத அழுகை

"போன் வந்துதா?"

"இன்னும் இல்லண்ணே. நீங்க போய் மைக் முன்னால நில்லுங்க. வந்தா நான் பார்த்துக்கறேன்" என்றார் ரேடியோ நாடகத்துக்குச் சத்தங்கள் போடும் சவுண்டுக்காரர்.

"நீ பார்த்துக்கறதுதான்யா எனக்குப் பயமே!"

பயப்படாமல் என்ன செய்வது? போன வாரம் ராஜா குதிரையில் வந்து இறங்கிய காட்சிக்கு ரயில் ஊதலைப் போட்டுவிட்ட புண்ணியவான் ஆயிற்றே! நேயர்கள் கடிதம் கடிதமாக எழுதிக் கிழித்திருந்தார்கள்.

போனுக்குக் காத்திருந்தவர் தாத்தா வேஷ நடிகர். மனைவி பிரசவ வார்டில் இருக்கிறாள். இரண்டு தடவை வெறுங்கையோடு வீடு திரும்பியவள். இந்த முறையும் குழந்தையின் துடிப்பு குறைகிறது என்று மத்தியானமே டாக்டர் சொல்லிவிட்டார். கூட மைத்துனி இருக்கிறாள் என்றாலும் மனசு கேட்குமா? ஆனால் நேரடி ஒலிபரப்பு. தாத்தா வேஷத்துக்கு மாற்று ஆள் கிடையாது. "போங்க, நர்ஸம்மா ரேடியோ வெக்கிறாங்களாம். உங்க குரலக் கேட்டா எனக்குத் தெம்பா இருக்கும்" என்று அவளேதான் விரட்டினாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. இனி அது அணையும்வரை அசைய முடியாது.

பாதி நாடகத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டுக்காரர் போனை எடுப்பது தெரிந்தது. நடிகர் கையாலேயே 'என்ன?' என்று கேட்டார். சவுண்டுக்காரர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நடிகருக்குச் சப்த நாடியும் ஒடுங்கிவிட்டது.

கடைசிக் காட்சி. கோபித்துக்கொண்டு போன தாத்தா, பத்து வருஷம் கழித்து மகன் வீட்டு வாசலில் நிற்கிறார். உள்ளே பேரக்குழந்தை அழ வேண்டும். ஒத்திகையில் கேட்டது வீட்டையே தூக்கும் அழுகை. இப்போது வந்ததோ பூனைக்குட்டி மாதிரி ஒரு கீச்சுக்குரல். நடுவில் ஏதோ தட்டு உருளும் சத்தம் வேறு!

'பாவி, மறுபடியும் மாத்திட்டானே!' வசனம் அடியோடு மறந்துபோயிற்று. வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"அழுடா கண்ணு, நல்லா அழு. நான் வந்துட்டேன்."

விளக்கு அணைந்தது. அடுத்த அறையிலிருந்து வீணைக் கச்சேரி தொடங்கியது. நடிகர் கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார்.

"ஏன்யா, இன்னிக்குமா தப்பான டேப்பப் போடுவ? போன்ல என்ன சொன்னாங்க? எதுவா இருந்தாலும் சொல்லித் தொலை!"

சவுண்டுக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்துக் காட்டினார்.

"டேப்பு இதோ இருக்குண்ணே. நான் போடவே இல்ல. உங்க மச்சினி அந்தப் பக்கம் போனப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க, நான் இந்தப் பக்கம் ரிசீவர மைக்குல வெச்சேன். அழுதது உங்க பொண்ணுண்ணே! அண்ணியும் நல்லா இருக்காங்க, நீங்க பேசினத ரேடியோல கேட்டுட்டாங்களாம்."

குதிரைக்கு ரயில் ஊதிய அந்த இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார் நடிகர்.